இரண்டாவது சீட்டு

என் தாத்தா முதன்முதலாக ஓட்டுப் போடப் போனபோது அவர் கையில் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்கள். 1952 தொடக்கம், திண்டிவனம். மேல்சித்தாமூரில் வீடும் நிலமும் இருந்தும் வேர்க்கடலை வியாபாரத்துக்காகத் திண்டிவனத்தில் குடியிருந்த காலம் அது. "தவறிப்போயி ரெண்டு குடுத்துட்டாங்கன்னு ஒண்ணைத் திருப்பிக் குடுக்கப் பாத்தேன்" என்பார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் வாங்கவில்லையாம். "ரெண்டும் உங்களுதுதான் நயினாரே. ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டுடாதீங்க."

இந்தக் கதையை அவர் எடுப்பதே சாயங்காலத்தில்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டிய சமண வீடு எங்களுடையது. பாட்டி கூப்பிட்டுவிடுவாள், கதை பாதியில் நிற்கும். இரண்டாவது சீட்டை எந்தப் பெட்டியில் போட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போயிற்று. அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றிய வயதில் அவர் இல்லை.

திண்டிவனம் மக்களவைத் தொகுதி அன்று இரண்டு பேரை டெல்லிக்கு அனுப்பும் தொகுதி. ஒன்று பொது இடம், மற்றது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும், அவர் எந்தத் தெருவில் இருந்தாலும், இரண்டு ஓட்டு. திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் அவருடைய சின்னம். சீட்டில் முத்திரை குத்தும் வேலையெல்லாம் பிற்பாடு வந்தது. அன்றைக்குப் பெட்டியைத் தேர்ந்தால் ஆளைத் தேர்ந்த மாதிரி. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் கணக்கில் வரும், மற்றது செல்லாது. அதாவது சட்டம் வாக்காளரிடம் சொன்னது இதுதான்: உனக்குப் பிடித்தவருக்கு ஒன்று போடு, சரி, இன்னொன்றை வேறொருவருக்குத்தான் போட முடியும்.

இது ஏதோ எங்கள் பக்கத்து விநோதம் இல்லை. 1952இல் மக்களவைக்கு இருந்தவை 401 தொகுதிகள், இடங்களோ 489. ஒற்றை உறுப்பினர் தொகுதி 314, இரட்டை 86, வடக்கு வங்காளத்தில் மூவரை அனுப்பிய தொகுதி ஒன்று. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் 132 இரட்டைத் தொகுதிகளிலிருந்து வந்தவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! நம் அரசியல் வரலாற்றை எழுதியவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எண்ணும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஒதுக்கீட்டு இடத்துக்கு அறிவிக்கப்படுவார். அதன்பின் மிச்சமுள்ள எல்லோரிலும், எந்தச் சாதியாயிருந்தாலும், அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பொது இடம். ஆக, இரண்டு இடமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கே போகலாம். இரண்டும் மற்றவர்களுக்குப் போக வழியில்லை. காகிதத்தில் கிடந்த இந்த 'போகலாம்' ஒருநாள் நடந்தும்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திண்டிவனத்தில் 1952இல் ஜெயித்தவர்கள் அ. ஜெயராமன், வி. முனுசாமி. இருவருமே தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. எஸ். எஸ். ராமசாமி படையாட்சி தொடங்கிய கட்சி அது. தென்னார்க்காடு, சேலம் வன்னியர்களின் பலத்தில் நின்றது. வடார்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. உழைப்பாளர் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 19 இடம், மக்களவையில் 4. அந்த நான்கில் இரண்டு திண்டிவனம் ஒன்றிலிருந்தே. காங்கிரஸ் 375இல் 152தான் வாங்கியிருந்தது. ராஜாஜியின் அமைச்சரவையில் மாணிக்கவேலு சேர்ந்ததும், 1954இல் காமராஜ் அமைச்சரவையில் படையாட்சி சேர்ந்ததும், கட்சிகள் கரைந்ததும் எல்லோரும் எழுதிய கதை. எல்லோரும் எழுதாதது, 'வன்னியர் கட்சி' என்று ஒரே சொல்லில் நாம் மூட்டை கட்டிவைத்திருக்கும் அந்தக் கட்சியின் பெயரில் திண்டிவனத்தின் ஒதுக்கீட்டு இடமும் வெல்லப்பட்டது என்பது. பாசத்தால் அல்ல, கணக்கால்தான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடம் இருக்கும்போது இரண்டு ஆளை நிறுத்தாத கட்சி ஏது? ஆனால் அந்தக் கணக்குக்காக ஊர்த்தெருக்காரர் ஒருவர், சேரிக்காரர் ஒருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் இதே மண்ணில் ஊருக்கும் சேரிக்கும் இடையே நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தின் எடை தெரியும்.

இரண்டு ஓட்டு என்ற யோசனையின் வேர் 1952இல் இல்லை, 1932இல் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகிற சாலையில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். அவரும் அம்பேத்கரும் வட்டமேசை மாநாட்டில் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாக உட்கார்ந்தார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்ட் அறிவித்த வகுப்புத் தீர்ப்பில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு இரண்டு ஓட்டு கிடைத்தது: தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத்தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து போட ஒன்று. அம்பேத்கர் பெரிதாக மதித்தது இந்த இரண்டாவதைத்தான். நம் ஓட்டும் வேண்டும் என்றால் பொதுத்தொகுதி வேட்பாளன் நம் வாசலுக்கு வந்தாக வேண்டும் அல்லவா? அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் காந்தியின் உண்ணாவிரதம், எரவாடா சிறை, செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். சீனிவாசனும் எம். சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். இடங்கள் கூடின, மாகாணங்களுக்கு 148 என்று ஆயிற்று. இரண்டு ஓட்டு போயிற்று.

இருபது ஆண்டு கழித்து அது திரும்பி வந்தபோது உருவம் மாறியிருந்தது. இப்போது இரட்டைத் தொகுதியில் எல்லோருக்கும் இரண்டு. சேரியின் இரண்டாவது ஓட்டு ஊரைத் தேடிவர வைக்கும் என்று 1932இல் நினைத்தார்கள். 1952இல் ஊரின் இரண்டாவது ஓட்டுத்தான் சேரியின் பிரதிநிதி யார் என்று முடிவு செய்தது. ஒரே ஏற்பாடு, முதுகு எது முகம் எது என்று தெரியாதபடி திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

இதில் முதல் அடி விழுந்ததும் அம்பேத்கர்மேல்தான். 1952இல் பம்பாய் நகரின் வடபகுதி இரட்டைத் தொகுதியில் அவர் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றார். காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137, அம்பேத்கர் 1,23,576. வித்தியாசம் 14,561. ஆனால் அந்தத் தொகுதியில் செல்லாதவை என்று தள்ளப்பட்ட சீட்டுகள் மட்டும் 74,333. அம்பேத்கரும், அதே தொகுதியில் பொது இடத்துக்கு நின்ற சோசலிஸ்ட் அசோக் மேத்தாவும் சேர்ந்து தேர்தல் மனு போட்டார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் டாங்கே தரப்பு, இரண்டு சீட்டையும் தங்கள் பெட்டியிலேயே போட்டு ஒன்றைச் செல்லாததாக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. மனு நிற்கவில்லை. குற்றச்சாட்டு உண்மையோ இல்லையோ, 74,333 என்ற எண் நிற்கிறது. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த, அரசியல் சூடேறிய நகரத்தில் அத்தனை சீட்டு அறியாமையால் செல்லாமல் போயிற்று என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

1954இல் பண்டாரா இடைத்தேர்தல். மறுபடியும் இரட்டைத் தொகுதி, மறுபடியும் அம்பேத்கரும் அசோக் மேத்தாவும். இரண்டாவது ஓட்டை யாருக்கும் போடாமல் விட்டுவிடுங்கள் என்று நம் ஆட்களுக்குச் சொன்னால் நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று தொண்டர்கள் அவரிடம் கேட்டதாகவும், அரசியல் சட்டத்தை எழுதிய நான் ஓட்டை வீணாக்கச் சொல்லமாட்டேன் என்று அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள். அசோக் மேத்தா ஜெயித்தார். அம்பேத்கர் தோற்றார். அவர் ஆட்களின் இரண்டாவது ஓட்டு போய்ச்சேர்ந்தது. அவருக்கு வரவேண்டிய இரண்டாவது ஓட்டு வரவில்லை. இரட்டைத் தொகுதியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு விமர்சனம் எழுத முடியாது.

இனி அந்தப் 'போகலாம்'. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம். பழங்குடியினருக்கு ஓர் இடமும் பொதுவாக ஓர் இடமும். வி. வி. கிரி, நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர், பொது இடத்துக்கு நிற்கிறார். எண்ணி முடித்தால் முதலிரண்டு இடத்திலும் பழங்குடி வேட்பாளர்கள், பித்திக சத்தியநாராயணாவும் திப்பல சூரி தோராவும். கிரி மூன்றாவது. சூரி தோராவைவிட 565 ஓட்டுக் குறைவு. ஒதுக்கீட்டு இடத்துக்கு மனுப்போட்டவர் பொது இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கிரி வழக்குத் தொடுத்தார். போதாததற்கு, தோரா குடும்பம் க்ஷத்திரியராகிவிட்டது, அவர் இப்போது பழங்குடியே இல்லை என்றும் வாதம். உச்ச நீதிமன்றம் 1959இல் இரண்டையும் ஏற்கவில்லை. ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவர் பொது இடத்துக்கும் தகுதியானவர்தான் என்று ஆயிற்று. கிரி அதற்குள் உத்தரப்பிரதேச ஆளுநர். 1969இல் குடியரசுத் தலைவர். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

குறைந்தது தொகுதிகளுக்கு. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. தொகுதி மிகப் பெரிது, செலவு அதிகம், யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று தெரியவில்லை என்ற காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஏழு லட்சம் எட்டு லட்சம் வாக்காளரைச் சந்திக்கப் பணமில்லாத தாழ்த்தப்பட்ட வேட்பாளருக்குத்தான் அவை அதிகம் வலித்தன. ஆனால் அந்தக் காரணங்கள் 1952இலும் இருந்தன. பார்வதிபுரம் மட்டுமே புதிது. ஒவ்வோர் இரட்டைத் தொகுதியையும் இரண்டாக வெட்டி, தாழ்த்தப்பட்டோர் அடர்த்தியாக இருந்த பாதியை ஒதுக்கினார்கள். 1962 தேர்தலில் நாடு முழுக்க ஒருவருக்கு ஒரே சீட்டு.

அந்த இரட்டைக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. பொது இடத்து உறுப்பினருக்குத்தான் மாலை, மேடை, கலெக்டர் ஆபீஸ் நாற்காலி. ஒதுக்கீட்டு உறுப்பினர் கூட வந்தவர். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிபோல என்று சொல்ல ஆசைதான், நடந்தது பெரும்பாலும் பண்ணையாரும் கணக்கப்பிள்ளையும் மாதிரி. விதிவிலக்குகள் உண்டு. 1957இல் சிதம்பரம் இரட்டைத் தொகுதியிலிருந்து கனகசபைப் பிள்ளையோடு போன எல். இளையபெருமாள் யார் நிழலிலும் நின்றவரல்லர். 1965இல் அமைத்த தீண்டாமை ஒழிப்புக் குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அவர் கொடுத்த அறிக்கை இன்றைக்கும் படித்தால் சுடும். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்த சட்டத்தின் பின்னால் அந்த அறிக்கை இருக்கிறது.

வெளியே இதையே வேறுவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வின்னிபெக் நகரம் 1920இல் முழுவதும் ஒரே தொகுதி, பத்து உறுப்பினர்கள். வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போடுவார். முதலிடத்தவருக்கு வேண்டியதற்குமேல் விழுந்த ஓட்டு அடுத்த பெயருக்கு இறங்கும். முந்தைய ஆண்டு நகரத்தையே முடக்கிய பொது வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் மூன்று பேர் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார்கள்; வெளியே இருந்த எஃப். ஜே. டிக்சன் அள்ளிக்குவித்த ஓட்டின் உபரி அவர்களுக்குக் கைகொடுத்தது. அங்கே இரண்டாவது விருப்பம் வீணாகவில்லை, வழிந்து ஓடியது. அதே நாட்டின் ஹாலிஃபாக்ஸ் 1968 வரை மத்திய நாடாளுமன்றத்துக்கு இருவரை அனுப்பியது. சட்டத்தில் ஒரு சொல் கிடையாது, ஆனால் கட்சிகள் ஒரு புராட்டஸ்டண்டு, ஒரு கத்தோலிக்கர் என்று நிறுத்துவது வழக்கமாயிருந்தது.

இலங்கையில் நம் விதிக்கு நேர்மாறு. அங்கே பல உறுப்பினர் தொகுதியில் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு, எல்லாவற்றையும் ஒருவருக்கே போட முடிந்தது. கொழும்பு மத்தி அப்படித்தான் 1947இல் ஏ. ஈ. குணசிங்கவையும் டி. பி. ஜாயாவையும் பீட்டர் கெனமனையும் ஒன்றாக அனுப்பியது; ஒரு தொழிற்சங்கக்காரர், ஒரு முஸ்லிம் தலைவர், ஒரு கம்யூனிஸ்ட். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்கவுக்கு அடுத்து மூன்றாவதாக வந்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948 குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வாக்காளர் பட்டியலிலிருந்தே துடைத்தெறியப்பட்ட தோட்டத் தமிழர்கள் முப்பது ஆண்டுக்குப் பின் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப முடிந்தது. மூன்று ஓட்டையும் ஒரே இடத்தில் குவிக்கும் உரிமை சின்னக் கூட்டத்துக்கு ஆயுதம். நம் சட்டம் அந்த ஆயுதத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பம்பாயில் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சொற்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெட்டிய பாதிக்குத் தமிழில் நாம் வைத்த பெயர் 'தனித்தொகுதி'. ஒதுக்கீட்டுத் தொகுதி என்று தேர்தல் ஆபீஸ் எழுதினாலும் பஸ் ஸ்டாண்டில் தனித்தொகுதிதான். பொதுவும் தனியும். ஊரும் காலனியும் என்று காதில் விழுகிறதா இல்லையா? டீக்கடையில் 'இரட்டைக் குவளை' என்று நாம் சொன்னதெல்லாம் உண்மையில் ஒருவருக்கு வைத்த தனிக்குவளையைத்தான். இரட்டைத் தொகுதி ஒன்றுதான் அந்த அகராதியில் இரட்டை என்ற சொல்லுக்கு இரண்டு பேரும் ஒரே இடத்தில் என்று பொருள் தந்தது, பத்து ஆண்டுக்கு. அதை வெட்டியபோது பாதிக்கு 'தனி' என்ற பெயர் யாரும் யோசிக்காமலே நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தனித்தொகுதியால் பலனில்லை என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் ஒருவர்கூடப் போயிருக்க மாட்டார்கள் என்பதைப் பொதுத்தொகுதிகளில் கட்சிகள் நிறுத்தும் வேட்பாளர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். நான் சொல்வது மற்ற பாதியைப் பற்றி. பொதுத்தொகுதி வாக்காளர், சேரியைச் சேர்ந்த ஒருவரின் பெயரைத் தன் சீட்டோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் 1962லிருந்து இல்லாமல் போயிற்று.

தாத்தாவின் திண்டிவனம் மண்டியில் அன்று பேச்சு இப்படி இருந்ததாம்: "ஒண்ணு நம்மாளுக்கு, ஒண்ணு அவங்காளுக்கு." அவர் சிரிப்பார். "நமக்கு ஏதுடா நம்மாளு? ரெண்டுமே அவங்காளுக்குத்தான்." தமிழ்ச் சமணர்களுக்கு மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது, லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டத்தோடு தலைவர் இருக்கிறார், பார்சுவநாதர் கோவில், பாறைச் சிற்பங்களோடு மல்லிநாதர் கோவில், தேர், தேர்வீதி எல்லாம் உண்டு. வேட்பாளர் திரும்பிப் பார்க்கும் எண்ணிக்கை எக்காலத்திலும் இல்லை. உண்மைக்குப் பல பக்கம் உண்டு என்னும் சமணக் கொள்கையான அநேகாந்தவாதத்தை இந்த இடத்தில் இழுத்து ஒரு பத்தி எழுதச் சொல்லி என் பேனா பரபரக்கிறது. வேண்டாம், மடத்துத் திண்ணையில் போதுமான அளவு பேசியாயிற்று. நம்மாள் என்று ஒருவர் இல்லாதவனுக்கு இரண்டு சீட்டும் ஒரே மாதிரி கனக்கும் என்பதைத்தான் தாத்தா சொன்னார். திண்டிவனத்தில் அன்று அப்படி ஓட்டுப் போட்டவர்கள் கொஞ்சம் பேராவது இருந்திருப்பார்கள்.

திண்டிவனம் தொகுதி ஒற்றை உறுப்பினர் தொகுதியாகி இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. உழைப்பாளர் கட்சியைத் தொடங்கிய ராமசாமி படையாட்சியே 1980இலும் 1984இலும் காங்கிரஸ் பெயரில் அங்கே ஜெயித்தார். 2008 மறுவரையறையில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி என்ற பெயரே போய்விட்டது. திண்டிவனமும் வானூரும் விழுப்புரம் தொகுதிக்கு, அது தனித்தொகுதி. 2019லிருந்து அதன் உறுப்பினர் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத ரவிக்குமார். செஞ்சி வட்டம், மேல்சித்தாமூர் உள்பட, ஆரணி தொகுதிக்கு, அது பொதுத்தொகுதி. தாத்தா ஓட்டுப்போட்ட ஊர் தனி, பிறந்த ஊர் பொது. திண்டிவனத்தில் ஏறி மேல்சித்தாமூருக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் வழியில் எங்கோ அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. பலகை ஏதும் இல்லை.

பெண்கள் இடஒதுக்கீடு இழுபறியாகக் கிடந்த ஆண்டுகளில் இரட்டை உறுப்பினர் தொகுதி என்ற யோசனை டெல்லியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போனது. தொகுதி மறுவரையறை என்று இப்போது தினமும் பேசுகிறோம். எத்தனை இடம் குறையும், எத்தனை கூடும் என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை.

1957இல் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். அன்று இரண்டு சீட்டு வாங்கியவர்களுக்கு இன்றைக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இரண்டாவது சீட்டை எந்தப் பெட்டியில் போட்டார் என்று கேளுங்கள். இருட்டுவதற்குள் கேட்டுவிடுங்கள்.